பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்: சிறுதொழில் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். பணம் போனது, ஃபைல் போனது, வங்கிக் கணக்கு முடங்கியது. எழுதியவர்கள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள், கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க முடியாதவர்கள். அதனால் வரிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருப்பூர் வாசகர்

கேள்வி: ஐயா, பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், 14 மெஷின். திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் திறக்கவில்லை. 72 மணி நேரத்தில் பணம் கட்டச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பேக்கப் எடுக்கும் ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டரிலேயே மாட்டியிருந்ததால் அதுவும் போய்விட்டது. வீட்டிலிருந்து டேலி பார்க்க ஹார்டுவேர் தம்பி ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். அதனால்தான் வந்ததா? பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்து, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் 'ரான்சம்வேர்' என்ற நிரல் இது, அனுப்பியவன் ஒரு திருடன். வாங்கிக்கொண்டு சாவியைத் தருவான் என்பதற்கு உறுதி கிடையாது, தந்தாலும் எல்லா ஃபைலும் சரியாகத் திறக்கும் என்று சொல்ல முடியாது, ஒருமுறை கட்டியவரிடம் இன்னொரு முறை கேட்க அவனுக்கு என்ன தயக்கம்? "நாங்கள் திறந்து தருகிறோம்" என்று சொல்லும் ரெகவரி ஆட்களிடமும் கவனமாக இருங்கள். சிலர் உங்களிடம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்தத் திருடனுக்கே கட்டிச் சாவி வாங்கித் தருகிறார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரின் நெட் ஒயரைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், அதே மோடத்தில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களையும் பிரித்துவிடுங்கள். ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றிவிடலாம் என்று யாராவது அவசரப்பட்டால் பொறுக்கச் சொல்லுங்கள். மிரட்டல் குறிப்பும், பூட்டப்பட்ட இரண்டு மூன்று ஃபைல்களும் உங்களுக்கு வேண்டும். 'நோ மோர் ரான்சம்' என்றொரு இணையதளம் இருக்கிறது, நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது. இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அதில் அந்த ஃபைல்களை ஏற்றினால் இது எந்த வகைப் பூட்டு, இதற்கு இலவசச் சாவி வந்திருக்கிறதா என்று சொல்லும். எல்லா வகைக்கும் சாவி இருக்காது. இன்று இல்லாவிட்டாலும் பூட்டிய டிஸ்க்கை அப்படியே கழற்றிப் பத்திரமாக வையுங்கள், ஒரு வருடம் கழித்துச் சாவி வெளிவந்த கதைகள் உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகாரும் பதிந்துவிடுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி, இப்படியொரு தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அவர்களுக்கும் மெயிலில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு அந்த நேரம் தாண்டியிருக்கும், இருந்தாலும் அனுப்புங்கள்.

அப்புறம் கணக்கு. எல்லாம் போய்விட்டது என்று நீங்கள் எழுதியதைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் எல்லாம் போகவில்லை. நீங்கள் போட்ட பில் விவரம் ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர்-1 ஆக இருக்கிறது, வாங்கிய சரக்கின் விவரம் அதே தளத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் இருக்கிறது, சரக்கு அனுப்பப் போட்ட இ-வே பில் அதன் தளத்தில் இருக்கிறது. வங்கி ஸ்டேட்மெண்டை நெட் பேங்கிங்கில் எடுக்கலாம். ஆடிட்டரிடம் போன வருட டேலி பேக்கப் பெரும்பாலும் இருக்கும், முதலில் அவருக்கு போன் போடுங்கள். வாட்ஸ்அப்பில் பார்ட்டிகளுக்கு அனுப்பிய பிடிஎஃப் பில்களும் இருக்கும். இத்தனையையும் வைத்து ஒரு நல்ல கணக்காளர் பொறுமையாக உட்கார்ந்தால் நடப்பு வருடக் கணக்கின் பெரும்பகுதியை மறுபடி ஏற்றிவிடலாம். பீஸ் ரேட் நோட்டு, கூலிக் கணக்கு போன்றவைதான் கஷ்டம்.

எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஹார்டுவேர் தம்பி செய்தது, வேறு இடத்திலிருந்து இந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை நேராக இணையத்துக்குத் திறந்துவிட்டதாக இருந்தால், அந்த வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மோடத்தில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு கதவை, திறந்துவிடுவார்கள், அதற்குமேல் ஒரு பாஸ்வேர்டு, அதுவும் கம்பெனி பெயரும் 123-ம். உலகம் முழுக்க இந்தக் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. திருப்பூரில் ஒரு சந்துக்குள் 14 மெஷின் யூனிட், நம்மை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைப்போம். தேடுவது இயந்திரம், அதற்குச் சின்னது பெரியது தெரியாது. போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்பார்கள், கேட்காதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் (இணையத்தில் உங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை) போட்டு அதற்குள் வரட்டும், அல்லது டேலியிலேயே பிரவுசர் வழியாக ரிப்போர்ட் பார்க்கும் வசதி இருக்கிறது, பாக்கி எவ்வளவு ஸ்டாக் எவ்வளவு என்று பார்க்க அது போதும்.

பேக்கப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நீங்கள் பேக்கப் எடுக்காதவர் இல்லை, ஒழுங்காக எடுத்தவர். டிஸ்க் மாட்டியே இருந்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குத் தெரிகிற எதையும் அந்த நிரலும் பார்க்கும். இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்றில் திங்கள், புதன், வெள்ளி. மற்றதில் செவ்வாய், வியாழன், சனி. சாயங்காலம் மாட்டி, எடுத்து, கழற்றி, ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இதோடு டேட்டா ஃபோல்டரின் ஒரு நகல் கிளவுடிலும் இருந்தால் நல்லது, பழைய பதிப்புகளை வைத்திருக்கும் சேவையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பூட்டிய ஃபைலே மேலே ஏறி நல்லதை அழித்துவிடும். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன வாரம் போட்ட ஒரு பில் வருகிறதா என்று திறந்து பாருங்கள். இதை மட்டும் யாரும் செய்வதில்லை. பல வருடம் முன்பு நான் கணக்குப் பார்த்த ஓர் அச்சகத்தில் தினமும் பேக்கப் எடுத்தோம், டிஸ்க் செத்த அன்று திறந்தால் எட்டு மாதமாகக் காலி ஃபோல்டரைத்தான் நகல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த ஒரு வாரம் முதலாளி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதை நேரில் பார்த்ததால் ஒவ்வொரு வருடமும் இந்தப் பக்கத்தில் இதையே எழுதுகிறேன்.

கரூர் வாசகர்

கேள்வி: நாங்கள் ஹோம் டெக்ஸ்டைல் தறி வைத்திருக்கிறோம். ஆறு வருடமாக ஒரே மில்லில் நூல் வாங்குகிறோம். போன மாதம் மில்லிலிருந்து மெயில் வந்தது, ஆடிட் நடப்பதால் இந்த முறை வேறு கணக்கில் போடுங்கள் என்று. எங்கள் பழைய மெயிலுக்குப் பதிலாகவே வந்ததால் சந்தேகப்படவில்லை. 4,80,000 ரூபாய் ஆர்டிஜிஎஸ் செய்தோம். பத்து நாள் கழித்து மில்லில் பாக்கி கேட்கிறார்கள். கணக்கு எண்ணும் பெயரும் பொருந்தாவிட்டால் வங்கி திருப்பி அனுப்பியிருக்க வேண்டாமா?

பதில்: இப்படித்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம், ஆனால் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான். பெயர் என்று நீங்கள் அடித்தது ஒரு குறிப்பு, அவ்வளவே. இந்த ஓட்டையைப் பார்த்துத்தான், அனுப்புவதற்கு முன்பே அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. உங்கள் நெட் பேங்கிங்கில் பயனாளியைச் சேர்க்கும் இடத்தில் தேடுங்கள். மில் பெயர் வராமல் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் பாருங்கள், முதல் நான்கு எழுத்து வங்கி, கடைசி ஆறு கிளை. கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்லுக்கு வேறு ஏதோ மாநிலத்தில் கிளை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

பழைய மெயிலுக்குப் பதிலாகவே வந்தது என்றீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. உங்கள் மெயிலோ மில்லின் மெயிலோ வெகு நாளாகவே வேறு யார் கையிலோ இருக்கிறது. அவன் அவசரப்படுவதில்லை. யார் யாருக்கு எப்போது எவ்வளவு போடுகிறார்கள், எந்த மாதிரி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறார்கள் என்று வாரக்கணக்கில் படித்துவிட்டு, பில் வரும் நாளில் நடுவில் புகுந்துகொள்கிறான். சில சமயம் முகவரியிலேயே வித்தை இருக்கும், ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருப்பான், போனின் சின்னத் திரையில் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது. நீங்கள் ஏமாந்ததற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. லித்துவேனியாக்காரர் ஒருவர் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தைவான் சப்ளையர் பெயரில் பொய் பில் அனுப்பி, 2013 முதல் 2015 வரை 10 கோடி டாலருக்கு மேல் வாங்கினார், 2019-ல் அமெரிக்காவில் 5 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அத்தனை பெரிய கணக்குத் துறை வைத்திருக்கிறவர்களே பணத்தைப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஜிமெயிலுக்குள் போங்கள். பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். செட்டிங்கில் ஃபார்வேர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். 'பேமெண்ட்' என்ற சொல் வரும் மெயிலை எல்லாம் இன்னொரு முகவரிக்கு அனுப்பு, இன்பாக்ஸில் காட்டாதே என்று அவன் போட்டு வைத்திருப்பான், பாஸ்வேர்டு மாறினாலும் அது அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். மில்காரர்களையும் இதையே செய்யச் சொல்லுங்கள், யார் மெயில் என்ற சண்டை அப்புறம் இருக்கட்டும்.

பணம்: பத்து நாள் ஆகிவிட்டது, முழுதும் திரும்பும் என்று நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கி, அதோடு உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள். இதே புகார் முதல் ஒரு மணி நேரத்தில் போயிருந்தால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மில்லுக்கு நீங்கள் தர வேண்டியது சட்டப்படி பாக்கியாகத்தான் நிற்கும், ஒரு வக்கீலை வைத்து இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசுங்கள், ஆறு வருட உறவு.

இனி கணக்கு எண் மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்கள் போனில் வருடக்கணக்காக இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, தெரிந்த குரலிடம் கேளுங்கள். ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் முதலில் ஒரு ரூபாய் போட்டு, வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியைப் போடுங்கள். பழைய கால வியாபாரிகள் ஹுண்டிக்கு (இவருக்குப் பணம் கொடு என்று எழுதி அனுப்பும் சீட்டு) ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தானே பணம் கொடுத்தார்கள்.

நாகர்கோவில் வாசகர்

கேள்வி: சின்ன ஹோட்டல். கூட்ட நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் காட்டிவிட்டுப் போகிறார்கள், ராத்திரி கணக்குப் பார்த்தால் குறைகிறது. போன வாரம் ராணுவ முகாமிலிருந்து பேசுவதாக ஒருவர் 40 சாப்பாடு சொல்லி, அட்வான்ஸ் அனுப்ப ஒரு க்யூஆர் அனுப்பினார். ஸ்கேன் பண்ணவில்லை. சரிதானே?

பதில்: ரொம்பச் சரி. பணம் வாங்க ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் நம்பர் போட வேண்டாம். பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து வெளியே போகிறது. இந்த ஒரு வரியை உங்கள் கல்லாவில் உட்காரும் எல்லோருக்கும், உங்கள் வீட்டம்மா, தம்பி, சப்ளையர் பையன் உட்பட, சொல்லிவிடுங்கள். ராணுவம், சிஆர்பிஎஃப் என்று சொல்வது நம் மரியாதையைத் தூண்டிவிடத்தான். 40 சாப்பாடு பார்சல் கட்டி வைத்திருக்கிறீர்கள், அந்த நேரத்தில் எதிர்த்துக் கேட்க மனம் வராது.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள், பணம் போனது போலவே பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் வியாபார ஆப்பில் வரவு தெரிய வேண்டும். "2,000-க்குப் பதிலாக 20,000 போட்டுவிட்டேன், மீதியை அனுப்புங்கள் அண்ணாச்சி" என்று பதறிக்கொண்டு போன் வரும், கூடவே வங்கி அனுப்பியது போல ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரும். எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் கணக்கைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. காலையில் கடை திறந்ததும் உங்கள் க்யூஆர் அட்டையை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகக் கடைகளுக்கு வெளியே இருந்த க்யூஆர் மேல் வேறு க்யூஆரை ஒட்டிவிட்டுப் போனார்கள், காலையில் வாடிக்கையாளர்கள் கொடுத்த பணமெல்லாம் வேறு கணக்குக்குப் போனது. அட்டையைக் கடைக்கு உள்ளே வையுங்கள்.

கும்பகோணம் வாசகி

கேள்வி: வீட்டிலிருந்தே வாட்ஸ்அப் பிசினஸில் சேலை விற்கிறேன் சார். தெரிந்த அக்கா ஒருவரின் எண்ணிலிருந்து "உனக்கு ஒரு ஆறு இலக்க எண் வரும், தப்பாகப் போட்டுவிட்டேன், அனுப்பு" என்று வந்தது, அனுப்பினேன். உடனே என் வாட்ஸ்அப் போய்விட்டது. இப்போது என் பெயரில் வாடிக்கையாளர்களிடம் பணம் கேட்கிறார்கள். எட்டு வருடத்து வாடிக்கை.

பதில்: அந்த அக்காவின் கணக்கும் திருடப்பட்டதுதான்மா, அவர் மேல் வருத்தம் வேண்டாம். வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி ஏற்றி உங்கள் எண்ணைப் போடுங்கள். சிம் உங்களிடம் இருப்பதால் புதிய குறியீடு உங்களுக்குத்தான் வரும், அதைப் போட்டதும் திருடியவன் வெளியே தள்ளப்படுவான். அவன் இதற்குள் ஒரு பின் போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்கச் சொல்லும், ஆனால் எஸ்எம்எஸ் குறியீட்டை நீங்கள் போட்ட கணமே அவன் கையிலிருந்து கணக்கு போய்விடும், அது முக்கியம். குறியீடு போன் அழைப்பில் வருகிறதென்றால், உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருக்கிறானா என்ற சந்தேகமும் வர வேண்டும், ##002# என்று அடித்துக் கூப்பிட்டால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். உள்ளே வந்ததும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள், இரு படிச் சரிபார்ப்பில் ஆறு இலக்க பின்னும் உங்கள் மெயிலும் போடுங்கள்.

அதற்கு முன்பே, இப்போதே, இன்னொரு போனிலிருந்து வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போடுங்கள், முக்கியமான முப்பது நாற்பது பேரை நேராகக் கூப்பிடுங்கள். பெயர் கெட்டுவிடுமே என்று தயங்கித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒரு வாடிக்கையாளர் அவனுக்குப் பணம் போடுகிறார். நீங்களாகவே முந்திக்கொண்டு எச்சரித்தால் அவர்கள் உங்களை இன்னும் நம்புவார்கள். எட்டு வருடத்து எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் வாசகர்

கேள்வி: மொபைல் ஆக்சசரீஸ் கடை. யாரோ யூபிஐயில் 1,800 ரூபாய் போட்டு சார்ஜரும் இயர்போனும் வாங்கினார். இரண்டு வாரம் கழித்து என் கணக்கு முழுக்க முடங்கியது. வேறு மாநில சைபர் போலீஸ் சொன்னார்களாம். வங்கியில் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். செக் எல்லாம் திரும்புகிறது.

பதில்: இது உங்கள் தப்பில்லாமல் வரும் தொல்லை, எனக்கு இதைப் படித்தால் கோபம்தான் வருகிறது. எங்கோ ஒருவரிடம் திருடிய பணம் நாலைந்து கணக்கு தாண்டி உங்கள் கல்லாவுக்கு வந்திருக்கிறது. பணம் போன தடத்தில் இருக்கும் கணக்குகளை எல்லாம் நிறுத்தும்போது உங்களதும் சிக்கிக்கொண்டது.

வங்கியிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். எந்தப் புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மெயில், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு, இந்த நான்கும் வேண்டும். கிடைத்ததும் அந்த அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள், கூடவே அன்றைய பில், அந்த வரவின் 12 இலக்க யூபிஐ எண், ஜிஎஸ்டி பதிவு, கடையின் படம், அந்த நேரத்து சிசிடிவி காட்சி இருந்தால் அதுவும். சந்தேகம் 1,800 ரூபாய் மேல்தான், அதை மட்டும் நிறுத்தி வைத்து மற்றதை விடுவியுங்கள் என்று கேளுங்கள். தொகை இன்னதென்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது, வக்கீல் நோட்டீஸில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

இனிமேல் கடை வசூலுக்கு ஒரு கணக்கு, சப்ளையருக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் வேறு வங்கியில் ஒரு கணக்கு என்று பிரித்து, வசூலை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றிவிடுங்கள். ஒன்று நின்றாலும் தொழில் நிற்காது. பில் இல்லாமல் எதையும் விற்காதீர்கள், பத்து ரூபாய் டெம்பர்டு கிளாஸாக இருந்தாலும் சரி.

சிவகாசி வாசகர்

கேள்வி: அச்சகத்தில் ஏழு வருடம் இருந்த கணக்காளர் மனக்கசப்போடு போய்விட்டார். எல்லா பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும். ஜிஎஸ்டி ஓடிபி கூட அவர் நம்பருக்குத்தான் போகிறது. என்ன செய்வது?

பதில்: இன்றைக்கே செய்யுங்கள், அவர் நல்லவரா கெட்டவரா என்பது பேச்சில்லை. ஜிஎஸ்டி தளத்தில் திருத்தப் பகுதிக்குப் போய் உங்கள் போன் எண்ணையும் மெயிலையும் போடலாம், அதற்குத் துறை அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம், அதில் அவருக்கென்று துணைப் பயனர் பெயர் இருந்தால் முடக்குங்கள், புதியவருக்குப் புதிதாகக் கொடுங்கள். பிறகு வங்கி, மெயில், டேலி, மோடம், சிசிடிவி, கூகுள் மேப்பில் இருக்கும் உங்கள் கடைப் பக்கம். வெப்சைட் இருந்தால் அதன் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள், பல கம்பெனிகளில் அது எப்போதோ வேலையை விட்டுப்போன ஒரு பையனின் சொந்த மெயிலில் இருக்கும்.

ஆளுக்கு ஒரு யூசர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. பணம் அனுப்ப ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் அனுமதிக்கும் வசதி நடப்புக் கணக்குகளில் கிடைக்கும், கிளையில் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்

கேள்வி: எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்? விண்டோஸ் 10 இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸே உங்களைப் போன்ற அலுவலகத்துக்குப் போதும், அதை அணைத்துவிட்டுத் திருட்டு மென்பொருள் ஏற்றாமல் இருந்தால். ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தை ஒரிஜினல் விண்டோஸுக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்குக்கும் போடுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஓடும், ஆனால் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் வழக்கமான அப்டேட்டில் இனி அடைபடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வந்து 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டியபோது, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷினை நெட் இல்லாமல் பில் போட மட்டும் வையுங்கள்.

மதுரை வாசகர்

கேள்வி: மருந்து மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் போனுக்கு டிராஃபிக் ஃபைன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது, டெலிவரி வண்டிக்காக இருக்கும் என்று திறந்தேன், ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்தேன். அரை மணியில் கம்பெனி கணக்கிலிருந்து 62,000 ரூபாய் போய்விட்டது. பதினைந்து நிமிடத்தில் முதலாளியிடம் சொன்னேன், 1930-க்கும் நானே அடித்தேன். இப்போது மாதம் 5,000 சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, நீங்கள் செய்ததில் ஒரு தப்பு இருக்கிறது, இரண்டு சரிகள் இருக்கின்றன. உடனே சொன்னது, உடனே 1930-க்கு அடித்தது. அந்தப் பதினைந்து நிமிடம் எவ்வளவு பெரியது என்று உங்கள் முதலாளிக்குத் தெரிய வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் பக்கக் கவனக்குறைவால் போன பணமாக இருந்தாலும், வங்கிக்குப் புகார் சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எத்தனை மணிக்கு 1930-க்குப் பேசினீர்கள், எத்தனை மணிக்கு வங்கிக்குச் சொன்னீர்கள், எந்தெந்தத் தொகை எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதி வங்கிக்குக் கொடுங்கள்.

சம்பளம் பற்றி: கவனக்குறைவால் வந்த நஷ்டம் என்று பிடித்தம் செய்வதற்கும் சட்டத்தில் முறை இருக்கிறது, உங்களிடம் விளக்கம் கேட்காமல் அவராகத் தொகை முடிவு செய்து பிடிக்க முடியாது. ஆனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதற்கு முன் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் பாருங்கள், அடுத்த பத்தி அவருக்கு.

ஐயா, உங்கள் பையன் பதினைந்து நிமிடத்தில் வந்து சொன்னான். அதற்கு 62,000 அபராதம் என்றால், அடுத்த முறை கடையில் யாருக்கு இது நடந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள், மறுநாள் காலை வங்கி எஸ்எம்எஸ் பார்த்துத்தான் உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் போவது 62,000 ஆக இருக்காது. அதோடு, வங்கி ஓடிபி வரும் சிம்மை, ஐந்து பேர் கையில் புரளும், வாட்ஸ்அப் ஓடும், எந்த ஃபைலையும் ஏற்ற அனுமதிக்கும் ஒரு போனில் போட்டு வைத்தது பையன் இல்லை. அப்படி வரும் ஏபிகே ஃபைல்கள், அதாவது திறந்ததும் போனில் ஆப்பாக ஏறும் ஃபைல்கள், எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை வெளியே அனுப்பத்தான் செய்யப்பட்டவை. இந்த வாரமே ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கி, நெட் பேங்கிங் ஓடிபி வரும் சிம்மை அதில் போட்டு, உங்கள் மேஜை டிராயரில் வையுங்கள். பட்டன் போனில் இந்த ஏபிகே ஏறாது. பழைய போனை முழுதாக ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு, அதில் தெரியாத இடத்திலிருந்து ஆப் ஏற்றும் அனுமதியை அணைத்த பிறகு டெலிவரி வேலைக்குக் கொடுங்கள்.